தெருமுக்கு தாண்டாத நாய்

நாய் செத்துப்போன வீட்டுக்காரர்கள் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததும் முதலில் சொல்வது பொய்தான். "எங்க நாய் ஒருத்தரையும் கடிச்சதில்ல" என்பார்கள். "ஒரு வார்த்த சொன்னா அப்படியே கேட்டுக்கிடும்" என்பார்கள். செத்த மனிதரைப் பற்றிக்கூட யாரும் இவ்வளவு உயர்வாகப் பேசுவதில்லை. நான் மறுத்துப் பேச மாட்டேன். தலையை ஆட்டிக்கொண்டே, இந்த வீடு எந்த இனத்தைத் தாங்கும் என்று மனசுக்குள் முடிவு செய்துவிடுவேன்.

பாளையங்கோட்டை 'வாலாட்டி' நிலையத்தில் என் வேலையே அதுதான். பெயர் ஜெசிந்தா. படித்தது கால்நடை மருத்துவம், செய்வது நாய்க்கும் மனிதருக்கும் பொருத்தம் பார்ப்பது. கல்யாணத் தரகர்கள் என்னிடம் பாடம் படிக்கலாம். நான் சேர்த்துவைத்த ஜோடி பிரிந்து வந்தது அபூர்வம்.

ஆவுடையப்பன் அண்ணாச்சியும் அவர் மனைவி உலகம்மையும் வந்தபோதும் பேச்சு பொய்யில்தான் தொடங்கியது.

"எங்க மேனேஜர் சுத்த சைவம், டாக்டரம்மா," என்றார் அண்ணாச்சி. "தயிர்சோறு, பருப்புசோறு, அவ்வளவுதான். முட்டையக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிடுவான். புதுசா வாற நாயும் அப்படி இருக்கணும்."

மேனேஜர் என்பது நாயின் பெயர். சாதாரண நாட்டு நாய், பதினோரு வயசு வாழ்ந்து கிழடாகிப் போய்ச் சேர்ந்திருந்தது. வந்த நாள் முதல் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்குமாம். "அதனால எங்க மக வச்ச பேரு" என்றார் உலகம்மை. மகள் என்ற வார்த்தை விழுந்ததும் அண்ணாச்சி சுவரில் மாட்டியிருந்த நாய்ப் படங்களை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அதுவே போதும். பேச்சுவார்த்தை அறுந்த மகள் என்று மனசில் குறித்துக்கொண்டேன். அண்ணாச்சிக்குத் தெற்கு பஜாரில் பித்தளைப் பாத்திரக் கடை. ஆளைப் பார்த்தாலே தெரிந்தது, சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கத் தெரியாத மனிதர்.

"மேனேஜரோட மோப்பமணி இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

தடுப்பூசி போட்ட நாய்களுக்குக் கழுத்துப்பட்டையில் கட்டிவிடுகிற சின்ன மணி அது. முதலில் அடையாளத்துக்காக மட்டும்தான் கட்டினார்கள். பிறகு, நாய் முகர்வதை எல்லாம் அதன் மூளை எப்படி வாங்கிக்கொள்கிறதோ அப்படியே அந்த மணி பதிந்துவைக்கும் என்று ஆனது. அதற்குப் பின்னால்தான் எங்கள் நிலையத்தில் கூட்டம் சேர்ந்தது.

"அதக் கொண்டு வந்தா, புதுக் குட்டிக்கு அப்படியே ஏத்திரலாம்," என்றேன். "நாயோட ஞாபகம் கண்ணுல இல்ல, மூக்குலதான் இருக்கு. மேனேஜர் எந்த மூலையில படுத்தான், யாரக் கண்டா வால ஆட்டினான், எந்தத் தெருவுல போனான் வந்தான், எல்லாம் புதுக் குட்டிக்கு வந்திரும்."

"அப்ப அதே நாயா?"

"அதே பழக்கம், வேற ஒடம்பு. ஆனா நல்ல மூக்கு உள்ள இனமா இருக்கணும். மூக்கு சரியில்லன்னா ஏத்தினது நிக்காது."

அப்போது அண்ணாச்சியின் கண் வாசல்பக்கம் போனது. அங்கே லட்டு படுத்திருந்தது. மூன்று மாத லாப்ரடார் குட்டி, கதவைப் பார்த்தபடியே கிடக்கும். அண்ணாச்சி கீழே கிடந்த ரப்பர் பந்தை அதன் பக்கம் உருட்டிவிட்டார். பந்து லட்டுவின் காலில் இடித்து நின்றது. அது குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இதுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஏத்தின குட்டி அண்ணாச்சி. ஒரு அம்மா வாங்கிட்டுப் போயி திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டாங்க." மறைக்க எனக்குப் பிடிக்காது, சொன்னேன். "அவங்க வீட்டுக்காரர் தவறிப் போன பெறகும் பழைய நாய் சாயங்காலமானா கேட்டுல போயி அவருக்காக உக்காந்திருக்குமாம். அதுவும் செத்ததும் இந்தக் குட்டிக்கு ஏத்தினோம். இதுவும் முத நாளே கேட்டுல போயி உக்காந்திருச்சு. ஒரு சாவ எத்தன தடவ டாக்டர் பாக்கதுன்னு அழுதுட்டாங்க."

"வெளையாடாதா?"

"வெளையாட வேண்டியதப் பழைய நாயே வெளையாடி முடிச்சிருச்சுல்லா."

அண்ணாச்சி எழுந்து போய்ப் பந்தை எடுத்து இன்னொரு தடவை உருட்டிப் பார்த்தார். பிறகு கூண்டுக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒரு குண்டுக் குட்டியைக் காட்டி, இது என்ன, சளி பிடித்த மாதிரி இருக்கே என்று கேட்டார்.

"அது பக். சப்ப மூக்கு, மூச்சு அப்படித்தான் விடும். வெயில் ஆகாது, நாலு வீடு நடந்தா நாக்கத் தள்ளிரும். தனியா வெளிய விட்டா தெருமுக்கு தாண்டாது. ஏத்தவும் முடியாது. உங்களுக்கு அது சரிப்படாது."

இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலை உலகம்மை தனியாக வந்தார். குங்குமச் சிமிழிலிருந்து மோப்பமணியை எடுத்து மேசையில் வைத்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"டாக்டரம்மா, எனக்கு நல்ல மூக்குள்ள நாயா வேணும். மேனேஜர் போன வழிய அப்படியே ஏத்திக் குடுத்திருங்க. ஆனா அது என்ன வழின்னு எங்க வீட்டுல அவியளுக்குத் தெரியக் கூடாது."

"என்ன வழி அக்கா?"

அப்புறம் கொட்டினார். மகள் சங்கரி நாலு வருசத்துக்கு முன்னால் தன்னோடு கல்லூரியில் கணக்கு நடத்துகிற ரெமிஜியுஸைக் கட்டிக்கொண்டாள். கடற்கரைப் பையன். குடியிருப்பது வெகுதூரத்தில் இல்லை. பிள்ளையார் கோயில் முக்கு தாண்டி, அடுத்த தெருதான். கல்யாணத்தன்று அண்ணாச்சி வீட்டு நடையில் நின்று ஒரே வார்த்தை சொன்னார். இந்த வீட்டு ஆள் ஒருத்தரும் அந்த முக்கைத் தாண்டக் கூடாது.

"நாய் ஆளு இல்லையே, டாக்டரம்மா," என்றார் உலகம்மை. "சாயங்காலமானா நான் கேட்டத் தொறந்து விட்டிருவேன். நெத்தியில திருநீறு பூசித்தான் அனுப்புவேன். அவன் நேரா அவ வீட்டுக்குப் போயிட்டு வந்திருவான். நான் போகச் சொல்லல, அவனாத்தான் வழி கண்டுபிடிச்சான்."

"அவ வீட்டுக்குத்தான் போனான்னு எப்படித் தெரியும்?"

"அவ தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசம் எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்குத் தெரியாதா?" கொஞ்சம் நிறுத்தினார். "போன வருசம் ஒருநாளு வந்து மடியில தலய வச்சான். காதெல்லாம் வசம்பு வாசம். பச்சப்புள்ள இருக்கிற வீட்டு வாசம். அப்படித்தான் எனக்குத் தெரியும், அவளுக்குப் புள்ள பொறந்தது. பேரனா பேத்தியான்னு தெரியல. நாய் அதச் சொல்லாதுல்லா."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்தக் காலத்தில் ஆளில்லாத ஆட்டோ ஓடுகிறது, செத்த நாயின் ஞாபகத்தை எடுத்து வேறு நாய்க்குள் வைக்கிறோம், இங்கே ஒரு தாய் பேரப்பிள்ளையை நாயின் காதில் முகர்ந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு போன் போட்டால் என்ன என்று கேட்டேவிட்டேன்.

"போட்டா அவிய முகத்தப் பாத்துப் பொய் சொல்லணும். எனக்கு வராது. அவளும் லேசுப்பட்டவ இல்ல, அப்பனுக்குப் பொறந்தவதான. அப்பா வந்து வாசல்ல நின்னாத்தான் பேச்சுன்னுட்டா. ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்கு இருந்தது அந்த நாய் ஒண்ணுதான். அதுவும் போயிருச்சு. புள்ளைக்கு நடை வந்திருக்கும் இப்ப. விழுந்துச்சோ எந்திரிச்சுச்சோ, என்னத்த வச்சுத் தெரிஞ்சுக்கிடதுக்கு?"

மணியை இயந்திரத்தில் வைத்தேன். நாய் முகர்ந்ததைத் திரை ஒரு தெருப்படமாக விரித்துக் காட்டும், அங்கங்கே என்னென்ன வாசம் என்று எழுத்தில் வரும். வீடு: திருநீறு, சாம்பிராணி, தயிர். தெரு: சாக்கடை, வேம்பு, மற்ற நாய்களின் சமாச்சாரம். சங்கரியின் வீடு: எண்ணெய், வசம்பு, சாக்பீஸ், நெத்திலி, வஞ்சிரம்.

"சுத்த சைவமா?" என்றேன்.

உலகம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "பாவி. நல்லா வஞ்சிரமாத் தின்னிருக்கான். ஆனா வீட்டுக்கு வரும்போது வாய் சுத்தமா இருக்குமே, டாக்டரம்மா. மீன் வாசமே இருக்காது. அம்மா சங்கடப்படுவான்னு சங்கரி கழுவி அனுப்புதான்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்."

படத்தில் இன்னொன்றும் இருந்தது. போகும்போதும் வரும்போதும் மேனேஜர் பிள்ளையார் கோயில் முக்கில் நின்றிருக்கிறது. புளி, பித்தளை, தண்ணீர் என்று காட்டியது. கோயில் விளக்கைத் துலக்குகிற இடமாக இருக்கும் என்றேன். ஆமாம், அங்கே ஒரு குழாய் உண்டு என்றார் உலகம்மை. இரண்டு பேரும் அத்தோடு அதை விட்டுவிட்டோம்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. மணி பதிவாகியிருந்தது அண்ணாச்சி பேரில். ஏற்றுவதற்கு முன்னால் அவர் இந்தப் படத்தைப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும், அதுதான் விதி. உலகம்மை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவியளுக்குத் தெரிஞ்சா அந்தக் கேட்டுக்கு நிரந்தரமாப் பூட்டுப் போட்டிருவாவ. இப்பவே எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுதாவ. மூக்குப்பொடிய விட்டதுலருந்தே அப்படித்தான். முப்பது வருசமா எந்த டாக்டர் சொல்லியும் கேக்காத மனுசன், போன வருசம் திடீர்னு டப்பியத் தூக்கிக் கெணத்துல எறிஞ்சிட்டாவ. அன்னைலருந்து பக்கத்துல போக முடியல."

"நான் பாத்துக்கிடுதேன் அக்கா," என்றேன்.

எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது எனக்குத் தெரியும். அவரிடம் வீட்டுப் பகுதியை மட்டும் காட்டிவிட்டு, தெருவைச் சுருட்டி வைத்துவிடுவேன். விதியை மீறுவதுதான். செம்மண் நிறத்தில், மூக்கு கூர்மையான ஒரு நாட்டுக் குட்டியையும் தேர்ந்தெடுத்துவிட்டேன். அது அப்போது தன் வாலையே துரத்திச் சுற்றிச் சுற்றி விழுந்துகொண்டிருந்தது. ஏற்றினால் நாளைக்கே அந்த ஆட்டம் எல்லாம் நின்றுபோகும். லட்டு மாதிரி ஆகிவிடும். எனக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் ஒரு தாயின் வழிக்கு முன்னால் ஒரு குட்டியின் விளையாட்டு பெரிதில்லை என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டுவதில் நான் என்றுமே தாமதித்ததில்லை.

அந்த வாரக் கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். செம்மண் குட்டியைத் தூக்கி மேசையில் விட்டேன். உலகம்மை அதன் மூக்கை விரலால் தொட்டுப் பார்த்தார். நான் என் கச்சேரியை ஆரம்பித்தேன். நாட்டு இனம், வியாதி வராது, தயிர்சோறு தின்னும், உங்கள் வீட்டுக்கு அளந்து வைத்த மாதிரி இருக்கும். அண்ணாச்சி கடைசிவரை கேட்டுக்கொண்டார். அப்புறம் கூண்டுப்பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தச் சப்ப மூக்கக் குடுங்க."

உலகம்மையின் முகம் செத்துப்போனது.

"அண்ணாச்சி, அன்னைக்கே சொன்னேன்லா. அதுக்கு ஏத்த முடியாது."

"ஏத்த வேண்டாம்."

"மேனேஜரோட பழக்கம் ஒண்ணுகூட வராது. தெருமுக்கு தாண்டாது. நடக்கவே நடக்காது, தூக்கிக்கிட்டுத் திரியணும்."

"தெரியும். அதுக்குத்தான் கேக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. நாயை முடக்கி வீட்டுக்குள் போடப் பார்க்கிறார், மகள் வீட்டுப் பக்கம் ஒரு வால்கூடப் போகக் கூடாது என்று நினைக்கிறார், இதுதானே. என் குரல் உயர்ந்துவிட்டது. "அண்ணாச்சி, செத்துப்போன நாய்க்கு ஒரு மரியாத வேண்டாமா? அது தினமும் நடந்த வழியாவது மிஞ்ச வேண்டாமா?"

"அந்த வழி எனக்குத் தெரியும், டாக்டரம்மா," என்றார். "முக்கு வரைக்கும்."

உலகம்மை மெதுவாக, "ஏங்க" என்றார். அண்ணாச்சி அவரைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த செம்மண் குட்டியைப் பார்த்தே பேசினார்.

"நீ கேட்டத் தொறந்து விடுவ. நான் கடைய அப்படியே போட்டுட்டு முக்குல வந்து நிப்பேன். அவன் நின்னு என் கைய மோந்துட்டு அந்தத் தெருவுக்குள்ள போவான். திரும்பி வர்ற வரைக்கும் நிப்பேன். வந்ததும் கொழாய்ல வாயக் கழுவி விடுவேன். மீன் நாத்தத்தோட வீட்டுக்கு வந்தா ஒனக்குச் சங்கடமா இருக்கும்லா."

புளி, பித்தளை, தண்ணீர். இத்தனை வருசமாகப் பாத்திரம் தேய்த்த கை. கோயில் விளக்காம்.

"ஒருநாளு கழுவும்போது காதுல ஏதோ வாசம் இருந்த மாதிரி இருந்துச்சு. என்னன்னு பிடிபடல. முப்பது வருசம் பொடி போட்ட மூக்கு, அதுக்கு என்ன தெரியும்? டப்பியத் தூக்கி எறிஞ்சேன். மூக்கு சரியாக ஒரு மாசம் ஆச்சு. அப்பறம்தான் தெரிஞ்சுது, வசம்பு." "அந்த நாயி வீட்டுக்கு வாறதுக்கு முன்னால நான் ஒரு தடவ மோந்துக்கிடுவேன். பெறகுதான் ஒனக்கு."

உலகம்மை நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ எங்கிட்டச் சொன்னியாளா?"

நாலு வருசம் ஒரே வீட்டில், ஒரே நாயை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் மறைத்திருக்கிறார்கள். இரண்டு பேரையும் உட்காரவைத்துத் திட்ட வேண்டும் போல இருந்தது. கண்ணையும் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"சரி அண்ணாச்சி," என்றேன். "அப்ப நல்ல மூக்குள்ள நாயா எடுத்துக்கிட்டா என்ன? இது போயிட்டு வரும்லா?"

"போயிட்டு வரும். நான் முக்குல நிப்பேன். அது சாகிற வரைக்கும் முக்குலயே நிப்பேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும், டாக்டரம்மா. போறதுக்கு ஒரு நாய் இருந்தா நான் போக மாட்டேன்." பக் குட்டியைக் கூண்டிலிருந்து அவரே எடுத்தார். அது கண்ணைத் திறக்காமல் அவர் சட்டையில் மூக்கைத் துடைத்தது. "இது தனியாப் போகாதுன்னிய. வெயில்ல நடக்காதுன்னிய. அப்ப நாந்தான தூக்கிட்டுப் போகணும்? அவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போனவன் முக்குல எறக்கி விட்டுட்டு நிக்க முடியுமா? நீங்க சொன்னதக் கேட்டுத்தான் இந்த இனத்த எடுத்தேன்."

லட்டு வழக்கம்போலக் கதவைப் பார்த்துக் கிடந்தது. அண்ணாச்சி அதைத் தாண்டும்போது நின்றார்.

"அதும்போக, புள்ள இருக்கிற வீட்டுக்கு வெளையாடத் தெரியாத குட்டியயா கொண்டு போவாங்க?"

வாசலில் ஆளில்லாத ஆட்டோ வந்து நின்றது. உலகம்மை முதலில் ஏறினார், இரண்டு கையையும் நீட்டி, குட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். குனிந்து அதன் காதை முகர்ந்தார். பழக்கதோஷம். அதில் இன்னும் ஒரு வாசமும் ஏறியிருக்கவில்லை. குட்டி விழித்துக்கொண்டு அவர் வளையலைக் கடிக்க ஆரம்பித்தது.

"எங்கே போக வேண்டும்?" என்று ஆட்டோ கேட்டது.

"பிள்ளையார் கோயில் முக்கு," என்றார் அண்ணாச்சி.

"முக்கில் நிறுத்தட்டுமா?"

சட்டைப்பைக்குப் போன அவர் கை, அங்கே பொடி டப்பி இல்லாததால் வெறுமனே திரும்பி வந்தது. அந்தக் கையை அவர் குட்டியின் முதுகில் வைத்துக்கொண்டார்.

"அங்கன நிக்க வேண்டாம்," என்றார். "தாண்டிப் போ."